பழைய டர்போவை நல்ல விலைக்கு விற்பது எப்படி? சிங்கப்பூர்க் கார் பிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் ஒரு வீலைச் (டர்பைன்) சுற்றவைத்து, அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள வீலால் (கம்ப்ரஸர்) எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். பழைய டர்போ ஒன்றைக் கையில் வாங்கியவுடன் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கம்ப்ரஸர் பக்கத்து நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார்கள். கொஞ்சம் ஆடினால் போதும், முகம் மாறிவிடும். "ப்ளே இருக்கே அண்ணே" என்பார்கள். அடுத்த பேச்சு விலையைக் குறைப்பது பற்றித்தான். அந்த ஆட்டம் இயல்பானதா கோளாறா என்று கேட்கிறவருக்கும் தெரியாது, பல நேரம் விற்கிறவருக்கும் தெரியாது. தெரியாத இரண்டு பேர் பேரம் பேசினால் நஷ்டம் விற்கிறவருக்குத்தான். புது டர்போவுக்குப் பெட்டியும் உத்தரவாதமும் இருக்கின்றன. பழைய டர்போவுக்கு இருப்பது வாங்குபவரின் சந்தேகம் மட்டும். அந்தச் சந்தேகத்தை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு விலை கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வேலைகள்தான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007-இல் பதிவான மிட்சுபிஷி எவோ 9 ஒன்று வைத்திருந்தேன். பத்தாண்டு சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிந்ததும் ஐந்தாண்டுக்கு நீட்டித்தேன். ஐந்தாண்டு நீட்டிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான். 2022-இல் காரைப் பதிவிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. பத்து வயதைத் தாண்டிய காருக்கு பார்ஃப் தள்ளுபடியும் (பதிவை நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் தொகை) கிடையாது. ஆக, காரில் மிச்சமிருந்த பணம் அதன் பாகங்களில்தான். அதில் பெரியது காரெட் ஜிடி3071ஆர் டர்போ. அதற்கு முன்னும் பின்னும் எனக்கும் நண்பர்களுக்கும் சேர்த்து ஐந்தாறு டர்போக்களை விற்றுக் கொடுத்திருக்கிறேன். முதலாவதில் கையைச் சுட்டுக்கொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கழற்றும்போதே விற்பனை தொடங்குகிறது

டர்போ காரில் இருக்கும்போதே ஒரு காணொளி எடுத்து வையுங்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட், ஐடிலில் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து புகை வருகிறதா என்பது, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) மீட்டர் எத்தனை வரை ஏறி நிற்கிறது என்பது, இவை மூன்றும் இருந்தால் போதும். கழற்றிய பிறகு "காரில் நன்றாகத்தான் ஓடியது" என்று சத்தியம் செய்வதைவிட நாற்பது நொடிக் காணொளி பெறுமானம் கூடியது. என் கார் ஸ்கிராப் யார்டுக்குப் போன பிறகுதான் ஒருவர் கேட்டார், ஓடும்போது எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று. நல்ல வேளை, இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் கழற்றச் சொல்லும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: ஆயில் ஃபீட் குழாய், ரிட்டர்ன் குழாய், தண்ணீர்க் குழாய்கள், அவற்றின் பேன்ஜோ போல்ட் (நடுவே துளையுள்ள போல்ட்), வாஷர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்படி. காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் நான் பார்த்த வரை, கழற்றிய சின்னச் சாமான்கள் அன்று மாலையே குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். வாங்குகிறவர் அவற்றைத் தனியாகத் தேடி வாங்கினால் அந்தக் காசை உங்கள் விலையில்தான் கழிப்பார்.

இறங்கியவுடன் எல்லாத் துளைகளையும் மூடுங்கள். டேப் ஒட்டினால் போதும், ஆனால் துணியை உள்ளே திணிக்காதீர்கள். மறந்துபோய் அப்படியே மாட்டிவிட்டால் கம்ப்ரஸர் வீல் அதை அரைத்து இன்டர்கூலருக்குள் (அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பாகம்) அனுப்பிவிடும்.

எது உங்கள் கையில் இருக்கிறது?

"எவோ டர்போ", "கோல்ஃப் டர்போ" என்று விளம்பரம் போடுகிறவர்களுக்கு வருவதெல்லாம் கேள்விகள்தான். கம்ப்ரஸர் ஹவுசிங்கில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பாக எண்ணும் வரிசை எண்ணும் அதில்தான். டர்பைன் ஹவுசிங்கில் வார்ப்பிலேயே ஏ/ஆர் எண் (வாயு வழியின் பரப்புக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம்) இருக்கும், 0.63, 0.82, 1.06 என்று. அது சிறியதாக இருந்தால் பூஸ்ட் சீக்கிரம் ஏறும், எஞ்சின் வேகம் கூடும்போது மூச்சு முட்டும். பெரியதாக இருந்தால் அதற்கு நேர்மாறு. வாங்குகிறவர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

மிட்சுபிஷிக்காரர்களின் பெயர்கள் ஒரு சின்ன ஜாதகம் மாதிரி. எவோ 9-இன் அசல் டர்போவின் தகட்டில் டிடி05எச்ஆர்-16ஜி6சி-10.5டி என்று இருக்கும். அதில் 'ஆர்' என்பது அது எதிர்த் திசையில் சுற்றும் வகை என்பதற்கான குறி. 10.5 என்பது டர்பைன் ஹவுசிங்கில் வாயு வழியின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர சென்டிமீட்டரில். கடைசி 'டி' என்றால் இரட்டை ஸ்க்ரோல், அதாவது எக்ஸாஸ்ட் வாயு இரண்டு தனி வழிகளில் வருவது. ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதினால் பொருந்தாத காருக்கு வாங்கிப் போய்த் திரும்பக் கொண்டுவருவார்கள். கோல்ஃப் ஜிடிஐ, கோல்ஃப் ஆர் கூட்டத்தில் ஐஎஸ்20, ஐஎஸ்38 என்பதே டர்போவின் பெயர். அங்கே பாக எண்ணின் கடைசி எழுத்தையும் கேட்பார்கள். எந்தத் திருத்தப் பதிப்பு என்று அதில்தான் தெரியும், முந்தைய ஐஎஸ்38-களுக்குப் பெயர் அவ்வளவு நன்றாக இல்லை.

'டிரிம்' என்ன என்று யாராவது கேட்டால் விழிக்க வேண்டாம். கம்ப்ரஸர் வீலின் காற்று நுழையும் பக்கத்து விட்டத்தை வெளியேறும் பக்கத்து விட்டத்தால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நூறால் பெருக்க வேண்டும். என் ஜிடி3071ஆரில் 53.1-ஐ 71-ஆல் வகுத்தால் 0.748. அதன் வர்க்கம் 0.559. ஆக 56 டிரிம். நுழைவுப் பக்கத்தை வெர்னியரால் நீங்களே அளந்துவிடலாம். அந்த ஒரு படம், வெர்னியர் வீலின் மேல் உட்கார்ந்திருக்கும் படம், விளம்பரத்தில் இருந்தாலே "ஆள் விஷயம் தெரிந்தவர்" என்று பாதிப் பேரம் அடங்கிவிடும்.

போலி பற்றி ஒரு வார்த்தை. காரெட் பெயரில் போலிகள் நிறையச் சுற்றுகின்றன. அதனால் வாங்குகிறவர்கள் தகட்டை நுணுக்கமாகப் பார்ப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் என்னிடம் வந்த ஒரு தம்பி தகட்டில் 'ஹனிவெல்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் போலி என்றே முடிவு கட்டிவிட்டார். 1999 முதல் 2018 வரை காரெட் ஹனிவெல் நிறுவனத்தின் கீழ்தான் இருந்தது. 2018 அக்டோபரில்தான் காரெட் மோஷன் என்று தனியாகப் பிரிந்தது. பழைய தகட்டில் ஹனிவெல் பெயர் இருப்பது இயல்பு. இதை விளம்பரத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டேன், பிறகு யாரும் கேட்கவில்லை. நீங்கள் வாங்கியபோது கிடைத்த ரசீது இருந்தால் தகடு, பெட்டி எல்லாவற்றையும்விட அதற்குத்தான் மதிப்பு. வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைப் பொது விளம்பரத்தில் மறைத்துவிடுங்கள். போலி செய்கிறவன் அதை எடுத்துத் தன் தகட்டில் அடித்துக்கொள்ள வழி வைக்க வேண்டாம். நேரில் வருகிறவருக்குக் காட்டினால் போதும்.

உண்மையான உடல் பரிசோதனை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நான் ஒரு சனிக்கிழமை காலை முழுக்கச் செலவழித்தேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமா, "என்னப்பா நத்தைக் கூடு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஷாஃப்டை மேலும் கீழும், பக்கவாட்டில் ஆட்டும்போது வருவது ஒன்று. ஷாஃப்டின் நீளவாக்கில் முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் வருவது இன்னொன்று. ஜர்னல் பேரிங் (குண்டு இல்லாத, வளைய வடிவப் பேரிங்) டர்போவில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆயில் இல்லாமல் கையில் வைத்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடத்தான் செய்யும், அது கோளாறு இல்லை. பால் பேரிங்கில் (குண்டுகளின் மேல் சுற்றும் வகை) அதைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் அதன் உறையும் ஆயிலில் மிதப்பதால் சுத்தமாக ஆடவே கூடாது என்று எதிர்பார்ப்பது தவறு. நீளவாக்கு ஆட்டம்தான் ஆபத்தானது. விரலுக்குத் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு முன்னும் பின்னும் போனால் நீளவாக்குத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். விரலை நம்பாதீர்கள். டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை ஊசியால் காட்டும் கருவி) வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு திசையிலும் அளந்து, உற்பத்தியாளர் தரும் எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசி நகர்வதைக் காணொளி எடுங்கள்.

அடுத்தது வீல் ஹவுசிங்கை உரசியிருக்கிறதா என்று பார்ப்பது. ஷாஃப்டை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது உரசினாலோ, ஹவுசிங் சுவரில் வட்டமாகப் பளபளக்கும் கோடு இருந்தாலோ அந்த டர்போ இனி பாகங்களுக்குத்தான், ஓட்டுவதற்கு இல்லை. அப்படியே எழுதி விற்றுவிடுங்கள், அதற்கும் ஆள் இருக்கிறது.

வீலின் இதழ் நுனிகளைக் கைபேசி விளக்கை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏர் ஃபில்டர் சரியில்லாமல் ஓடிய டர்போவில் நுனிகள் மணல் அடித்தது போல மழுங்கியிருக்கும். என்னுடையதில் ஓர் இதழின் ஓரத்தில் சின்னதாக ஒரு பல் விழுந்திருந்தது, நெல்மணி அளவு இருக்கும். முதலில் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாமா என்றுகூட மனம் சொன்னது. விரல் நகத்தை அந்த ஓரத்தில் ஓட்டினால் டக்கென்று மாட்டுகிறது, எப்படி மறைப்பது? அந்தப் பல்லை நெருக்கமாகப் படம் எடுத்து விளம்பரத்தில் இரண்டாவது படமாகப் போட்டேன்.

டர்பைன் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வேஸ்ட்கேட் (மிஞ்சிய எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் வெளியே விடும் கதவு) உள்ள டர்போக்களில் அந்தத் துளையைச் சுற்றி மெல்லிய வெடிப்பு வரும். இரட்டை ஸ்க்ரோலில் நடுவில் உள்ள தடுப்புச் சுவரிலும் வரும். வார்ப்பிரும்பு ஆயிரம் முறை சூடாகிக் குளிர்ந்தால் அப்படித்தான். மேலோட்டமான முடிக்கோடு பெரிய விஷயம் இல்லை என்று நினைப்பவர்கள் பலர், வேண்டாம் என்பவர்களும் உண்டு. படத்தைப் போட்டுவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள். சுவர் முழுக்கப் பிளந்திருந்தாலோ ஃபிளேஞ்ச் முகம் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டைப் பகுதி) வரை வந்திருந்தாலோ அது வேறு கதை, ஹவுசிங்கை மாற்ற வேண்டும்.

கம்ப்ரஸர் வெளியேறும் குழாயில் ஆயில் ஈரம் இருந்தால் உடனே சீல் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். எஞ்சினின் மூச்சுக் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவியும் அங்கே படியும். டர்பைன் பக்கத்தில் ஆயில் கருகிக் கட்டியாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஆயில் நுழையும் துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். கறுப்புக் கரித்தூள் கட்டியிருந்தால் சூடான எஞ்சினை உடனே உடனே அணைத்த பழக்கம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் வீட்டிலிருந்து அலுவலகம் இருபது நிமிடம், வந்ததும் அணைத்துவிட்டு லிஃப்டுக்கு ஓடுவோம். நெடுஞ்சாலைப் பயணம் மட்டும் செய்த மலேசியக் காரின் டர்போவைவிட நம் கார்களின் டர்போவில் இந்தக் கரி அதிகம் என்பது நான் பார்த்தது.

சுபாரு டர்போ விற்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆயில் வரும் பேன்ஜோ போல்ட்டுக்குள் ஒரு சிறு வலை இருக்கும். அது அடைத்துக்கொண்டு டர்போ பட்டினி கிடந்து செத்த கதை சுபாருக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். "வலையைப் பார்த்தீர்களா?" என்ற கேள்வி வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

சுத்தம் செய்வது

அளவோடு செய்யுங்கள். ஹவுசிங்கின் வெளிப்புறத்தை பிரேக் கிளீனரால் துடைத்தால் போதும். நடுப்பகுதியின் ஆயில் துளைக்குள் எதையும் ஊற்றாதீர்கள். வீல் உள்ளே இருக்கும்போது மணல் அடிக்கவே கூடாது. டர்பைன் ஹவுசிங்கின் துருவை வெள்ளிப் பெயின்டால் மறைத்தால் எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். துருவோடு இருக்கும் வார்ப்பிரும்பைப் பார்த்து யாரும் விலகிப் போனதில்லை.

இன்னொன்று, இதைக் கொட்டை எழுத்தில் எழுதலாம்: காற்றுத் துப்பாக்கியால் வீலைச் சுற்ற விடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் காட்டும்போது யாராவது ஒருவர் ஏர் கன்னை எடுத்து 'வ்ர்ரூம்' என்று அடித்துப் பார்க்கத் துடிப்பார். ஆயில் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் சுற்றினால் அங்கேயே கீறிவிடும். நான் டர்போவின் மேல் கையை வைத்து, "தம்பி, வாங்கின பிறகு உங்க வீட்டுல வச்சு அடிச்சுக்கங்க" என்று சொல்வேன்.

விலை

புது டர்போவை இறக்குமதி செய்தால் உங்கள் கையில் வந்து சேர என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். டர்போ விலை, கப்பல் அல்லது விமானக் கூலி, அதன் மேல் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. அதுதான் உச்சவரம்பு. அதற்குப் பிறகு என் கணக்கு இது. நல்ல நிலையில், ரசீதோடு, அளவு எடுத்த காணொளியோடு இருக்கும் பால் பேரிங் டர்போவுக்கு வந்துசேரும் விலையில் பாதியிலிருந்து தொடங்குவேன். வரலாறு தெரியாதென்றால் மூன்றில் ஒரு பங்கு. ஜர்னல் பேரிங்காக இருந்தால் தேய்ந்தவற்றை மட்டும் மாற்றிப் புதுப்பிப்பது மலிவு, அதனால் ஆட்டம் இருந்தாலும் ஓரளவு போகும். பால் பேரிங்கில் அப்படிப் பிரித்துப் பிரித்து மாற்றும் வசதி குறைவு, நடுத் தொகுதியையே மாற்ற வேண்டி வரும். அதனால் அங்கே சின்னக் கோளாறு என்றாலும் விலை சரசரவென்று இறங்கிவிடும்.

மேனிஃபோல்டு, டவுன்பைப் (டர்போவுக்கு முன்னும் பின்னும் உள்ள எக்ஸாஸ்ட் குழாய்கள்), வெளி வேஸ்ட்கேட் எல்லாவற்றையும் ஒரே கிட்டாக விற்பதா? கிட்டாக வாங்குகிறவர் அதே மாடல் காரை வைத்திருக்க வேண்டும், ஆள் குறைவு. நான் குழாய்கள், கேஸ்கெட், ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் வரத்தைக் குறைக்கும் சின்னத் துண்டு) இவற்றை டர்போவோடு சேர்த்தேன். வெளி வேஸ்ட்கேட்டைத் தனியாக விற்றேன், அது பல வகைக் காருக்கும் பொருந்தும் என்பதால் இரண்டே நாளில் போய்விட்டது. டர்போவுக்கு 950 வெள்ளி கேட்டேன், 880-க்கு முடிந்தது. மூன்று வாரம் ஆனது.

விளம்பரம்

கேரோசெல் விற்பனைத் தளத்தில் போடுங்கள், எவோ, சுபாரு, கோல்ஃப் குழுக்களில் போடுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவோம், ஆனால் விஷயம் இப்படி இருக்கட்டும். என்னுடையதைத் தமிழில் சொன்னால்:

"காரெட் ஜிடி3071ஆர், பால் பேரிங், 56 டிரிம், டி3 ஃபிளேஞ்ச், 0.82 ஏ/ஆர். 2013-இல் புதிதாக வாங்கியது, ரசீது உண்டு. எவோ 9-இல் ஓடியது, செப்பாங்கில் நான்கு முறை. ஓர் இதழில் சிறிய பல், இரண்டாவது படம் பார்க்கவும். டர்பைன் வெளிப்பக்க ஸ்டட் ஒன்று மரை போனது. வெடிப்பு இல்லை. டயல் கேஜ் காணொளி கேட்டால் அனுப்புவேன். இருப்பது இருந்தபடி விற்பனை. அனுமதி, பொருத்தம், டியூன் வாங்குபவர் பொறுப்பு."

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தை ஏன் சொன்னேன் என்று நண்பர்கள் திட்டினார்கள். ஐந்தரைக் கிலோமீட்டர் ட்ராக்கில் சுற்றுச் சுற்றாக அடித்த டர்போ என்றால் ஓடிவிடுவார்களாம். நடந்தது வேறு. அதைச் சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன் என்று வாங்கியவரே சொன்னார்.

அனுமதி விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையம் காரில் செய்யும் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவைப்படாதவை, தேவைப்படுபவை, செய்யவே கூடாதவை. தன் காருக்கு எது பொருந்தும் என்று வாங்குகிறவர் ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்க்க வேண்டும். மூன்று வயது முதல் பத்து வயது வரை காருக்கு ஈராண்டுக்கு ஒரு முறை பரிசோதனை, பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும். அங்கே மாட்டினால் தலைவலி அவருக்கு, ஆனால் "அனுமதி உள்ள டர்போ" என்று நீங்கள் வாய்விட்டிருந்தால் தலைவலி உங்களுக்கும்தான். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றுவதும் அப்படியே. இளவயதில் இதில் அலட்சியமாக இருந்தவன் நான். அதை வீரமாகச் சொல்லிக்கொள்ள இப்போது மனமில்லை.

பேரமும் பணமும்

முதல் செய்தி பெரும்பாலும் இரண்டே சொல்லாக இருக்கும்: "கடைசி விலை?" பதில் சொல்லாதீர்கள். "எந்தக் காருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். கார் பெயரைச் சொல்கிறவர் வாங்க வந்தவர். சொல்லாதவர் வாங்கி விற்கிறவர் அல்லது பொழுதுபோக்குக்காரர்.

நேரில் பார்க்க ஒர்க்‌ஷாப்பில் வரச் சொல்லுங்கள். அவருடைய மெக்கானிக்கே பார்த்துவிட்டால் பிறகு பேச்சு வராது. என் டர்போவை வாங்கியவர் உபியில் தன் ஒர்க்‌ஷாப் அங்கிளிடம் கூட்டிப் போனார். அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்தப் பல்லைப் பார்த்தார், ஷாஃப்டை ஆட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். 70 வெள்ளி அந்தப் பல்லுக்காகக் குறைத்தேன்.

பணம் பேநவ் (வங்கிகளின் உடனடிப் பணமாற்று வசதி) வழியாக வந்தால் வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். பேநவ் பணம் உடனே வந்து விழும், "இரவுக்குள் வரும் ப்ரோ" என்ற பேச்சுக்கு இடமில்லை. "கூரியர் ஆளை அனுப்புகிறேன், இந்த இணைப்பை அழுத்திப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று யாராவது அனுப்பினால் அது மோசடி. பணம் பெறுவதற்கு நீங்கள் எந்த இணைப்பையும் அழுத்த வேண்டியதில்லை, வங்கி விவரம் தர வேண்டியதில்லை. சந்தேகம் என்றால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.

ஒரு பக்கத் தாளில் இரண்டு பிரதி எழுதுங்கள். பாக எண், முழு வரிசை எண், சொன்ன குறைகள், விலை, தேதி, 'இருப்பது இருந்தபடி' என்ற வரி, இரண்டு கையெழுத்து. குறையுள்ள பொருளுக்குப் பரிகாரம் தர 2012-இல் வந்த லெமன் சட்டம் கடைக்காரருக்கும் நுகர்வோருக்கும் இடையே உள்ளது. நீங்களும் நானும் தனி ஆட்களாக விற்று வாங்கினால் அது பொருந்தாது. ஆனால் பொய் சொல்லி விற்றால் தப்பிக்கலாம் என்று அர்த்தமில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை வழக்கை எடுக்கும், இருவரும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டாண்டுக்குள் போக வேண்டும். அங்கே உங்களுக்குத் துணை அந்த ஒரு பக்கத் தாள்தான்.

ஜோகூரிலிருந்து வருகிறவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள், தெரிந்துதான் வாங்குவார்கள். பாலத்தைத் தாண்டிய பிறகு சுங்கம் அவர்கள் பாடு. "ரசீதில் நூறு வெள்ளி என்று போடுங்கண்ணே" என்று கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும்போது 'அன்பளிப்பு' என்று எழுதச் சொன்னாலும் அப்படியே.

பார்சல்

என் முதல் விற்பனை இங்கேதான் கெட்டது. நண்பரின் டிடி05 ஒன்றைத் தமிழ்நாட்டில் ஒருவருக்கு அனுப்பினேன். செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஒரே பெட்டியில் போட்டேன். ஏழெட்டுக் கிலோ இரும்பு செய்தித்தாளை மதிக்குமா? வழியில் உருண்டு கம்ப்ரஸர் வாய் பெட்டியின் மூலையில் மோதி இரண்டு இதழ்கள் வளைந்துவிட்டன. உள்ளே மிச்சமிருந்த ஆயில் வேறு கசிந்து பெட்டி நனைந்து போயிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அனுப்பிய கூலியும் போனது.

இப்போது செய்வது இது. ஆயில் துளையைக் கீழே பார்க்கும்படி ஓர் இரவு வைத்து வடிய விடுவேன். எல்லாத் துளைக்கும் பிளாஸ்டிக் மூடி, கிடைக்காவிட்டால் அட்டை வெட்டி டேப். கம்ப்ரஸர் வாய்க்கு மேல் கெட்டியான வட்ட அட்டை. ஆக்சுவேட்டர் (வேஸ்ட்கேட்டை இயக்கும் பாகம்) இருந்தால் அதன் தடியில் எடை விழாதபடி சுற்றிலும் கெட்டி ஃபோம். பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள். பெட்டியை முழங்கால் உயரத்திலிருந்து நானே ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுவேன். உள்ளூர் என்றால் இந்த வேதனையே வேண்டாம், நேரில் கொடுத்துவிடுங்கள்.

கொடுத்த பிறகு

விற்று ஒன்பது நாள் கழித்து இரவு பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. "அண்ணே, வெள்ளைப் புகை வருது." நெஞ்சு திக்கென்றது. மாட்டிய முதல் சில நிமிடம் எக்ஸாஸ்டில் பழைய ஆயில் எரிந்து புகை வருவது உண்டு, ஆனால் அவர் அரை மணி நேரம் ஓட்டிவிட்டார். ரெஸ்ட்ரிக்டர் போட்டீர்களா என்று கேட்டேன். பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் அழுத்தம் கூடினால் சீலைத் தாண்டி ஆயில் வெளியேறும், அதற்குத்தான் அந்தச் சின்னத் துளைத் துண்டைப் பையில் வைத்திருந்தேன். போட்டாராம். சரி, கீழே ஆயில் திரும்பும் குழாயைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அது நேராகக் கீழே இறங்க வேண்டும். செங்குத்திலிருந்து 35 பாகைக்கு மேல் சாயக் கூடாது என்பது காரெட் சொல்லும் கணக்கு. படத்தில் ரப்பர் குழாய் ஏசி பைப்பைச் சுற்றி, யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து ஏறி இறங்கியது. ஆயில் வடிய வழியில்லாமல் டர்போவுக்குள் தேங்கி நின்றிருக்கிறது. குட்டையாக வெட்டி நேராக்கச் சொன்னேன். மறுநாள் மதியம் இன்னொரு காணொளி வந்தது. எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால் வெள்ளைச் சுவர் தெரிந்தது, புகை இல்லை.